48 வருட யோகப் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 1977-இல், 19 வயதில், பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் ஆசனம் கற்கத் தொடங்கினேன். பிறகு அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் என்று மாற்றலாகி, 2018-இல் ஓய்வு பெற்றேன். அதன்பின் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண்கள் சிலர் மாலையில் எங்கள் மொட்டை மாடிக்கு வரத் தொடங்கினார்கள். நான் பட்டம் பெற்ற யோகா ஆசிரியை அல்ல. அவர்களைவிடச் சில வருடங்கள் முன்னால் தொடங்கியவள், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்பதால், அவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"எனக்கு 52 வயசாச்சு. இனிமே ஆரம்பிச்சு என்னத்தக் கண்டோம் அக்கா?"

தாராளமாகத் தொடங்கலாம். எங்கள் மாடிக்கு வருகிறவர்களில் 63 வயதில் தொடங்கியவர் ஒருவர் இருக்கிறார். முதல் மாதம் முழுவதும் அவருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதே ஆசனமாக இருந்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒரு முழங்காலைத் தரையில் பதித்து, மறு பாதத்தை முன்னால் வைத்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். இது எந்த யோகப் படத்திலும் இருக்காது. ஆனால் தரையிலிருந்து எழும் பலம் போய்விட்டால், நம் வீட்டிலேயே பாதி இடம் நமக்கு உதவாமல் போய்விடுகிறது.

நானும் நல்ல உடம்போடு தொடங்கியவள் அல்ல. மார்கழி பிறந்தாலே எனக்கு இழுப்பு (ஆஸ்துமா) வந்துவிடும் என்பதால்தான் அப்பா என்னை அந்த ஆசிரியரிடம் அனுப்பினார். அவர் முதல் மூன்று வாரம் மல்லாந்து படுக்க வைத்து, மூச்சை இழுக்கும்போது கைகளைத் தலைக்கு மேலே கொண்டுபோகவும், விடும்போது இறக்கவும் மட்டுமே சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுவதும் பெயர் பெற்ற யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார்கூட மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சிறுவயது முழுவதும் நோயோடு போராடி, அக்காள் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் கற்கத் தொடங்கியவர்தான். பின்னர் 95 வயது வரை வாழ்ந்தார்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சாத்தான் பலனா? எவ்வளவு நேரம் செய்யணும்?"

விடியற்காலையில் வயிறு காலியாக இருக்கும், வீடு அமைதியாக இருக்கும், தொலைபேசி ஒலிக்காது. அதன் சிறப்புக்கு இவையே போதுமான காரணங்கள். ஆனால் இரவு 11 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் படுக்கிற பெண்ணிடம் நான்கு மணிக்கு எழச் சொல்வது தூக்கத்தைத் திருடச் சொல்வதாகும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நான் விட்டுக்கொடுக்காத விதி. எங்கள் மாடி வகுப்பு மாலை ஐந்தரைக்கு நடப்பதும் அதனால்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, தினமும் 20 நிமிடம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட மேலானது. அந்த இருபதில் கடைசி ஐந்தை மட்டும், அசையாமல் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான்.

"குனிஞ்சா கால் விரல் எட்டவே மாட்டேங்குது. எனக்கெல்லாம் யோகா வருமா?"

விரலைத் தொடுவது யோகம் என்றால் கைகள் நீளமாக உள்ளவர்கள் எல்லோரும் யோகிகள் ஆகிவிடுவார்கள். யோகத்தின் பழைய அடிப்படை நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்றுதான். 'ஸ்திரசுகம் ஆசனம்' என்பது அவற்றில் முதலாவது. இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் நிபந்தனை ஏதும் இல்லை. எவ்வளவு வளைய வேண்டும் என்ற அளவு எங்கும் சொல்லப்படவில்லை.

தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகியிருப்பவர்கள் முழங்காலை விறைப்பாக வைத்துக் குனிந்தால், இடுப்பு அசையாமல் முதுகு மட்டும் கூன்போட்டு வளையும்; அந்தச் சுமை கீழ்முதுகில் இறங்கும். முழங்காலைச் சற்று மடக்கி, வயிறு தொடையின் மீது படும்படி இடுப்பிலிருந்து குனியுங்கள். விரல் எட்டாவிட்டால் கணுக்காலைப் பிடிக்கலாம், கெண்டைக்காலையும் பிடிக்கலாம். ஆறு மாதம் கழித்து எட்டலாம், எட்டாமலும் போகலாம். எதுவானாலும் குடி முழுகிப் போகாது.

"யூடியூப் பாத்தே பழகிக்கிடலாமா, ஆள் வச்சுத்தான் படிக்கணுமா?"

எளிய அசைவுகளை வீடியோ பார்த்துப் பழகலாம். ஆனால் நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், அது உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதும், வலது தோள் மட்டும் மேலே ஏறிக் கிடப்பதும் அதற்குத் தெரியாது. முதல் சில மாதங்களாவது, உங்களுக்கு என்ன நோய், என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குகிற ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இவற்றைக் கேட்காமல் 40 பேரை ஒரே மாதிரி வளையச் சொல்கிற இடத்திலிருந்து, எவ்வளவு பெரிய பலகை மாட்டியிருந்தாலும், வந்துவிடுங்கள்.

ஆளுக்கு ஏற்றபடி கற்பிப்பது என்பது புதிய வசதி அல்ல. மைசூர் அரண்மனை ஆதரவில் இளைஞர்களுக்கு வேகமும் கடுமையும் மிக்க பயிற்சிகளைக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், 1950-களில் சென்னைக்கு வந்தபின், நோயாளிகளையும் இல்லறத்தாரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பயிற்சிகளைத் தந்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்' என்ற நிறுவனம் இன்றும் சென்னையில் அந்த வழியில்தான் கற்பிக்கிறது.

"சூரிய நமஸ்காரம் மட்டும் பண்ணா போதும்னு சொல்றாவளே?"

நேரமில்லாத நாளில் போதும். ஆனால் அதில் முன்வளைவும் பின்வளைவும் உண்டே தவிர, உடம்பைத் திருகும் அசைவோ பக்கவாட்டில் சாயும் அசைவோ வழக்கமான 12 நிலைகளில் இல்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் கைகளைத் தரையில் ஊன்றாமல், நாற்காலியின் இருக்கையில் ஊன்றிச் செய்யலாம்.

"எப்ப மூச்சை இழுக்கணும், எப்ப விடணும்னு ஒரே குழப்பமா இருக்கு."

நெஞ்சு விரியும்போது இழுங்கள், வயிறு மடங்கும்போது விடுங்கள்; பெரும்பாலான ஆசனங்களுக்கு இது பொருந்தும். மூச்சு முதலில் தொடங்கட்டும், அசைவு அதன் பின்னால் வரட்டும், அசைவு முடிந்த பிறகு மூச்சு முடியட்டும். மூச்சு திக்கினால் அன்றைய அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. வலிகூடச் சில சமயம் அடுத்த நாள்தான் வரும், மூச்சு அந்த நொடியே சொல்லிவிடும்.

பிராணாயாமம் இதிலிருந்து வேறானது. திருமந்திரம் பாடிய திருமூலர், மூச்சை இழுப்பதற்கு 16, அடக்குவதற்கு 64, விடுவதற்கு 32 என்று கணக்குச் சொல்கிறார். இதைப் படித்துவிட்டு முதல் நாளே 64 எண்ண முயன்று, கண் இருண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு தம்பியை நான் பார்த்திருக்கிறேன். சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் பழக்குவதுபோல மூச்சைச் சிறிது சிறிதாகத்தான் வசப்படுத்த வேண்டும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் எச்சரிக்கிறது. தொடங்குகிறவர்கள் அடக்கவே வேண்டாம். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவதை ஒரு வருடம் செய்தால் போதும். கபாலபாதி எனப்படும் வேகமான மூச்சுப் பயிற்சியை உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

"பத்மாசனம் போட வந்தாத்தான் முழுசா கத்துக்கிட்டதா அர்த்தமா?"

இந்தக் கேள்விக்கு என் இடது முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். 1993-இல் எனக்கு 35 வயது. 16 வருடம் பழகியும் பத்மாசனம் வரவில்லையே என்ற குறை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் காலை, பத்தமடைப் பாய்மேல் உட்கார்ந்து வலது பாதத்தை இடது தொடைமேல் வைத்துவிட்டேன். இடது பாதம் ஏறவில்லை. இரண்டு கைகளாலும் கணுக்காலைப் பற்றி இழுத்தேன். முழங்காலின் உட்பக்கத்தில், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டு, பிறகு சடக்கென்று ஒலித்தது. அன்று நொண்டிக்கொண்டே அலுவலகம் போனேன். மாடிப்படி ஏறும்போது வலி இல்லாமலிருக்க ஏழு மாதம் ஆயிற்று.

பின்னர்தான் காரணம் புரிந்தது. பத்மாசனத்துக்குத் தேவையான திருகல் இடுப்பு மூட்டில் நிகழ வேண்டும். அது பந்துக் கிண்ண மூட்டு என்பதால் சுழலும். முழங்காலோ கதவுக் கீல் மாதிரி, மடங்கவும் நீளவும் மட்டுமே பெரும்பாலும் உதவும். இடுப்பு திரும்ப மறுக்கும்போது நாம் பாதத்தை இழுத்தால், அந்தத் திருகலை முழங்கால் ஏற்க நேர்ந்து, உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வட்டு நசுங்குகிறது. இடுப்புக் கிண்ணத்தின் அமைப்பே ஆளுக்கு ஆள் மாறுவதால், சிலருக்கு எவ்வளவு பழகினாலும் பத்மாசனம் வராது.

திருமூலர் ஆசனங்களை எண்ணும் பாட்டில் 'பங்கயம்' என்று பத்மாசனத்தைச் சொல்கிற அதே வரிசையில் 'சுகாதனம்' என்பதையும் வைத்திருக்கிறார். சுகாதனம் என்பது சாதாரணமாகச் சம்மணம் போட்டு, சுகமாக உட்காருவதுதான். மடித்த ஜமுக்காளத்தை இருக்கைக்குக் கீழே வைத்து, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். அந்த மடித்த துணி எனக்கு அந்தப் பதினாறு வருடத்துக்கு முன்பே கிடைத்திருக்கலாம். வாங்கிக்கொள்ள ஆணவம் விடவில்லை.

"சிரசாசனம் ஆசனங்களுக்கெல்லாம் ராஜான்னு சொல்லுதாவ. நீங்க ஏன் செய்யறதில்ல?"

1980-களில் செய்தேன், சுவரை ஒட்டி, ஆசிரியர் பக்கத்தில் நிற்க. 45 வயதுக்குப் பின் விட்டுவிட்டேன். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது. கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), விழித்திரைக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. இவற்றில் பல நமக்கு இருப்பதே நமக்குத் தெரியாது. படுத்துக்கொண்டு கால்களைச் சுவரில் சாய்த்து வைப்பது அதே தலைகீழ் நிலையின் சாதுவான வடிவம். அதில் கழுத்துக்குச் சுமையே இல்லை.

"வீட்டுக்குத் தூரமான நாள்ல செய்யலாமா?"

உடம்பு கேட்டபடி செய்யலாம். தலைகீழ் ஆசனங்களும் வயிற்றை இறுக்கும் பயிற்சிகளும் வேண்டாம் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் அந்த நாட்களில் படுத்தபடி செய்யும் அசைவுகளோடு நிறுத்திக்கொள்வேன். தீட்டு என்ற காரணத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் மருத்துவரின் ஒப்புதலும், கர்ப்பிணிகளுக்குக் கற்பித்துப் பழகிய ஆசிரியரும் இல்லாமல் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

"நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போச்சு. மறுபடி முதல்லருந்து தொடங்கணுமா?"

விட்டுப்போகாதவர்களை நான் பார்த்ததில்லை. பதஞ்சலி, பயிற்சி உறுதிப்பட வேண்டுமென்றால் நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்ய வேண்டும் என்கிறார். நீண்ட காலமும் மதிப்பும் எனக்கு வாய்த்தன. 'இடைவிடாமல்' என்பதில் தோற்றிருக்கிறேன். தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, பயிற்சி செய்த நாள்களின் தாளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. குழந்தைகள் பள்ளிக்குப் போன 1996-இல் வருட முடிவில் எண்ணியபோது 211 தாள்கள் இருந்தன. ஒழுங்காகச் செய்த வருடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடம் அது.

2014-இல் என் கணவர் இறந்தபோது நான்கு மாதம் பாயை விரிக்கவில்லை. பிறகு ஒரு நாள், தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, கைகள் தாமாகத் தலைக்கு மேலே போய் மூச்சோடு இறங்கின; 19 வயதில் முதல் மூன்று வாரம் கற்ற அதே அசைவு. விட்ட இடத்திலிருந்து பிடிக்க முயலாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு வருட இடைவெளி என்றால், முதல் மாதம் பாதி அளவும் பாதி நேரமும் போதும். தசைகள் மறந்திருக்கும்; மூச்சு அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

"யோகா செஞ்சா சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் நிறுத்திடலாமாமே?"

நிறுத்தக் கூடாது. எங்கள் தெருவிலேயே ஒருவர், இரண்டு மாதம் பயிற்சி செய்துவிட்டு யாரையும் கேட்காமல் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு, மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார். பயிற்சியால் அளவுகள் குறையலாம். அப்போது மருந்தைக் குறைப்பது மருத்துவரின் வேலை. இழுப்புக்கு நான் இன்றும் உறிஞ்சு மருந்து (இன்ஹேலர்) வைத்திருக்கிறேன், பனிக்காலத்தில் பயன்படுத்துகிறேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஓம் சொல்லாம இதைச் செய்யலாமா?"

செய்யலாம், எங்கள் மாடியில் யாரும் உரக்க எதையும் சொல்வதில்லை. ஆனால் 'இது வெறும் உடற்பயிற்சி, சமயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று மழுப்ப நான் விரும்பவில்லை. யோக சூத்திரம் இறைவனைப் பற்றியும், ஓம் எனும் பிரணவத்தைப் பற்றியும் பேசுகிறது. திருமந்திரம் சைவத் திருமுறைகளில் பத்தாவது. அந்த மண்ணில் விளைந்தது இது. அதே சமயம், முதுகை நிமிர்த்தி உட்காருவதற்கும் மூச்சைக் கவனிப்பதற்கும் எந்தச் சமயமும் உரிமை கொண்டாட முடியாது. கிருஷ்ணமாச்சாரியாரின் முதல் வெளிநாட்டு மாணவியர்களில் ஒருவரான இந்திரா தேவி ரீகா நகரில் பிறந்தவர். அவரும் மைசூரில்தான் கற்றார். இதைக் கேட்ட அந்தத் தங்கை இப்போது சவாசனத்தில் தமக்குள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் தோன்றவில்லை.

"தியானத்துல உட்கார்ந்தா ஒளி கிளி தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததில்லை. எனக்குத் தெரிவதெல்லாம் மின் கட்டணம் கட்டினேனா, நேற்று அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பவைதான். அவை வரும், நான் மூச்சை எண்ணத் திரும்புவேன், மறுபடியும் வரும். பத்து நிமிடத்தில் நூறு தடவை திரும்பினால், நூறு தடவை பயிற்சி செய்ததாக வைத்துக்கொள்கிறேன். ஒளி கண்டதாகச் சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

"48 வருஷமா செய்றீங்க, உங்களுக்கே முட்டுவலி இருக்கே. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

இதைக் கேட்டவர் கேலிக்குக் கேட்கவில்லை, ஆகவே கேலியாகப் பதில் சொல்ல மாட்டேன். முட்டுவலியில் ஒரு பங்கு, முன்பு பத்மாசனத்தைப் பற்றிச் சொன்னபடி, நானே வரவழைத்தது. மறு பங்கு வயதும் அம்மாவின் சொத்தும். 61 வயதில் எடுத்த பரிசோதனையில் எலும்பின் அடர்த்தியும் குறைந்திருந்தது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகைக் கூன்போட்டு ஆழமாகக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு என்பதால், கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும், 40 வருடம் ஆசையாகச் செய்த பச்சிமோத்தாசனத்தை அன்றோடு விட்டேன். பயிற்சி மூப்பைத் தடுத்திருந்தால் இந்தப் பத்தியை எழுத வேண்டி வந்திருக்காது.

எனக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்தால், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாள்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மாதத்தின் முதல் நாளில் ஓய்வூதியம் வாங்க வந்த பெரியவர் ஒருவர், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொன்னதற்கு எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில், என் மூச்சு தொண்டைக்குக் கீழே கட்டி நிற்பதைக் கவனித்தேன். முதலில் அதை விட்டேன், பிறகு பேசினேன். அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, கை நடுக்கம் நின்றபின் மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னேன், ஒத்துப்போனது. அந்த ஒரு மூச்சளவு இடைவெளி எல்லா நாளும் கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன். கிடைத்த நாள்களுக்காகத்தான் இந்தப் பாடு.

"அப்போ இப்ப தினமும் என்னதான் செய்யறீங்க? ஒரு லிஸ்ட் தாங்களேன்."

பட்டியலாகத் தந்தால் அப்படியே செய்யத் தொடங்கிவிடுவீர்கள். இது 67 வயதில், ஒரு முழங்கால் கெட்ட, எலும்பு மெலிந்த ஒருத்தியின் பயிற்சி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். காலை ஐந்து மணிக்குப் பாயின்மேல் ஜமுக்காளம் விரிக்கிறேன். வெறும் கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கும். படுத்தபடி கைகளைத் தூக்கி இறக்குவது 12 தடவை. பிறகு ஒவ்வொரு முழங்காலாக வயிற்றுப்பக்கம் அணைத்து விடுவது. பாதங்களை ஊன்றி இடுப்பைப் பாலம் போலத் தூக்கும் சேதுபந்தாசனம் ஆறு தடவை. எழுந்து, அடுப்படி மேடையை விரல் நுனியால் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது, காலுக்கு 30 எண்ணிக்கை. இந்த வயதில் விழாமல் இருக்க இதைவிட உதவியது வேறில்லை. கால்களைச் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம்.

அதன்பின் மடித்த துணிமேல் உட்கார்ந்து, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. 64 எண்ணி அடக்கும் கட்டத்துக்கு நான் இன்னும் வரவில்லை, வரும் உத்தேசமும் இல்லை. கடைசியில் சவாசனம், முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. வலப்பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி, முதல் பதிலில் சொன்ன அதே முறையில் சுவரைப் பிடித்து எழுந்தால், மணி 5.50 ஆகியிருக்கும், பால் பாக்கெட் வாசலில் வந்து கிடக்கும்.